பின்சீட்டை மாற்ற மாட்டேன்

சித்திரை மாத வெயிலில் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்து திண்டுக்கல்லிலிருந்து பழனி வரைக்கும் போய்ப் பாருங்கள். இறங்கும்போது முதுகுத் தோல் பாதி சீட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆனாலும் எங்கள் ஊர் வாடகைக் கார்க்காரர்கள் அத்தனை பேருக்கும் ரெக்சின்தான் வேண்டும். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தமாகிவிடும் இல்லையா, அதற்காக. உட்காருகிறவர்களுக்கு வெந்தால் இவர்களுக்கு என்ன?

என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் அடுத்தவர்கள் காருக்கு டிரைவராக இருந்தவர். தொண்ணூறுகளின் கடைசியில், கையில் இருந்ததையும் என் கழுத்தில் இருந்ததையும் சேர்த்துப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே முழுக்கச் சந்தன நிறத்தில் துணி. சீட்டு துணி, கதவின் உள்பக்கம் துணி, கூரையிலும் துணி. கழற்றித் துவைக்கிற உறை இல்லை. ஸ்பாஞ்சோடு சேர்த்து இழுத்துத் தைத்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"நாளைக்கே ரெக்சின் போட்டுரணும். கல்யாண சவாரி போற வண்டி. துணியெல்லாம் தாங்காது," என்றார்.

"ஒண்ணும் கிழிக்க வேணாம். நான் பாத்துக்கிறேன்."

"நீ என்னத்தப் பாப்ப?"

"அழுக்காச்சுன்னா எங்கிட்ட விட்டுருங்க. அம்புட்டுத்தான்."

அப்படித்தான் அந்தக் காரின் உள்பக்கம் என் ராஜ்ஜியமானது. ஓட்டுவது அவர், துடைப்பது நான். கல்யாணக் கார் என்றால் சும்மாவா? மாப்பிள்ளை தலை சாய்க்கிற இடத்தில் எண்ணெய் வட்டமாக இறங்கியிருக்கும். சந்தனம், குங்குமம், மாலையில் நசுங்கிய ரோஜாச் சாறு, குழந்தை கையிலிருந்து விழுந்த ஜிலேபி. சிறுமலைக்குச் சவாரி போனால் கொண்டை ஊசி வளைவில் யாராவது ஒரு பிள்ளை வாந்தி எடுக்காமல் இருந்ததில்லை. ஒருமுறை பெரிய மனுஷர் ஒருவர் ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்கிறது என்று நினைத்து வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டார். கண்ணாடி ஏறித்தான் இருந்தது. இறங்கிப் போகும்போது, வண்டியைக் கொஞ்சம் சுத்தமாக வைக்கக் கூடாதா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போனாராம்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். எண்ணெய்க் கறைக்குச் சாக்பீஸைப் பொடித்துத் தூவி, ஒரு பொழுது விட்டுத் தட்டினால் பாதி எண்ணெய் பொடியோடு வந்துவிடும். வாந்தி வாடைக்குச் சமையல் சோடா. மற்ற அழுக்குக்கெல்லாம் ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கிழித்துச் சட்டியில் அடித்து, மேலே நிற்கிற நுரையை மட்டும் வழித்து, அவருடைய பழைய ஷேவிங் பிரஷ்ஷால் தேய்ப்பேன். தண்ணீரை ஊற்றக் கூடாது. ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்துவிட்டால் போச்சு. இரண்டு நாளில் நனைத்து மறந்த துணி மாதிரி நாற ஆரம்பிக்கும். தேய்க்கும்போதும் கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் கையகலக் கறையை முறத்தளவு ஆக்கிவிடுவோம். அதையும் செய்து பார்த்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கார் ஸ்டாண்டில் அவருடைய கூட்டாளிகளுக்கு இதெல்லாம் கேலிப்பேச்சு. நான் அந்தப் பக்கம் போனால், "என்ன மதினி, காருக்குத் தலைக்கு ஊத்தியாச்சா?" என்பார்கள்.

"ஆச்சு. நீங்க எப்ப ஊத்திக்கப் போறீங்க? ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வாடை வருதே," என்பேன். சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொள்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இந்தக் கதைக்குள் போவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

கார் வாங்கிய மறுவருஷம் வைகாசி. முகூர்த்தம் மேல் முகூர்த்தம். ஒரு நாள் காலையில் அவர் குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண வீட்டு ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். முன்னால் கட்டிய பூமாலையைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறைமாதப் பெண் ஒருத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவளுடைய அம்மா நடுரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாளாம். வர வேண்டிய பஸ் வரவில்லை. அவளுக்கு வலி கண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி இரண்டு பேரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். அரசாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மிதித்திருக்கிறார். ஆனால் அகரம் வருவதற்குள்ளேயே, "நிறுத்துய்யா, நிறுத்து!" என்று அந்த அம்மா கத்தியிருக்கிறாள். ஓரங்கட்டிவிட்டு இவர் இறங்கி, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறார். பின்சீட்டிலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். விஷயத்தைச் சொன்னார்.

"பிள்ளை அழுதுச்சா?" என்று கேட்டேன்.

"நல்லா அழுதுச்சு."

"பெத்தவ?"

"நல்லா இருக்கா. டாக்டரம்மா பாத்துட்டாங்க."

"அப்புறம் எதுக்கு இப்படி மரம் மாதிரி நிக்கிறீங்க? தள்ளுங்க," என்று வாளியை எடுத்தேன்.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "வெந்நியக் கொண்டாரட்டுமா?" என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். ரத்தம் வெந்நீர் பட்டால் வெந்து துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாமியே வந்தாலும் எடுக்க முடியாது. எங்களுக்கு அது தெரியாதா? எத்தனை மாதம் எத்தனை துணி துவைத்திருக்கிறோம்! மண்பானைத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டேன். பின்சீட்டில் உட்காருகிற பாகத்தை நெம்பித் தூக்கி வெளியே எடுத்து முற்றத்தில் போட்டேன். உப்புத்தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்து, காய்ந்த துண்டை மேலே போட்டு முழங்கையால் அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது. துண்டு குடிக்கும். பிழிந்துவிட்டு மறுபடியும் வை. பொழுது சாயும்போது பார்த்தால் ஈரம் மட்டும்தான் இருந்தது, கறை இல்லை. இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. ஒரு பிள்ளை பிறந்த வேலையில் எனக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

மறுநாள் காலையில் சீட்டை மாட்டிக்கொண்டு அவர் ஸ்டாண்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

எங்களுக்குப் பெரிய சவாரி எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர் மூலமாகத்தான் வரும். அந்த மண்டபத்தில் கல்யாணம் வைப்பவர்களுக்குக் கார் பேசிவிடுவது அவர்தான். அடுத்த முகூர்த்தத்துக்கு ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். பெண்ணை அழைத்து வருவது எங்கள் கார் என்று பேசி முடித்திருந்தது. மேனேஜர் காலையிலேயே ஸ்டாண்டுக்கு வந்து நின்றிருக்கிறார்.

"பிரசவத் தீட்டுப் பட்ட சீட்டுல எப்படியப்பா கல்யாணப் பொண்ண உக்கார வைக்கிறது?" என்று முதல் கேள்வி. அதற்கு இவர் கழுவியாச்சு என்றிருக்கிறார். அப்புறம் குரலை இறக்கி இரண்டாவது கேள்வி. "அந்தப் பொண்ணு எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிதான்," என்று இவர் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"அப்பப் பேச்சே இல்ல. பின்சீட்டைக் கிழிச்சு எறிஞ்சுட்டு ரெக்சின் போட்டுட்டு வா. இல்லாட்டி இந்தச் சவாரி மட்டும் இல்ல, இனி நம்ம மண்டபத்துப் பக்கமே வண்டிய விடாத."

இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். எனக்கு வந்ததே கோபம்! பிரசவத் தீட்டாம். பிரசவமாகாமல் எங்கிருந்து குதித்தாராம் அந்த மேனேஜர்? மண்டபத்துச் சமையல் கட்டில் வெந்து இறங்கினாரா? முதல் கேள்வியையாவது சகித்துக்கொள்ளலாம். ரத்தத்துக்கு உப்பும் தண்ணீரும் போதும். அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அதை எந்தக் கடை சோப்பு போட்டுக் கழுவுவது? நேற்று அந்தப் பெண் பிழைத்தாளா என்று ஒருத்தர் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று மட்டும் கேட்கத் தெரிகிறது.

"மாத்த மாட்டேன்," என்றேன்.

"கல்யாண சவாரி போச்சுன்னா சோத்துக்கு என்ன பண்றது?"

"சவாரி போனாப் போகட்டும். அந்தப் பிள்ள பொறந்த சீட்டக் கிழிச்சா, அது பொறந்ததே தப்புன்னு நாமளே சொன்ன மாதிரி ஆகாதா? நான் கிழிக்க விட மாட்டேன்."

எனக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற நாட்களில் எல்லாம் பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி என்று சில்லறைச் சவாரி. வீட்டு வாடகையும் அரிசியும் முகூர்த்த நாட்களில்தான் வரும். சீட்டு இருந்தால் கல்யாணம் இல்லை, கல்யாணம் வேண்டுமென்றால் சீட்டு இல்லை. இவ்வளவுதான் கணக்கு. எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

அவர் சீட்டையும் கிழிக்காமல் சவாரியையும் விடாமல் நடுவில் ஒரு வழி பார்த்தார். நான் ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றிருந்த நேரம், ஸ்டாண்டு ஆள் ஒருவன் யோசனை சொல்லி, மஞ்சள் தண்ணீர் தெளித்தால் தீட்டுக் கழிந்துவிடும் என்று இவரை ஏற்றிவிட்டிருக்கிறான். தெளிப்பது என்றால் வேப்பிலையால் நாலு சொட்டு. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து மஞ்சள்தூள் பாக்கெட்டை வாங்கி வாளியில் கொட்டிக் கலக்கி, மக்கில் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறார். நான் திரும்பி வந்து பார்த்தால் காருக்குள் மஞ்சள் நீராட்டு விழா நடந்து முடிந்திருந்தது. சீட்டு மஞ்சள், கதவு மஞ்சள், கூரையிலிருந்து மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி மனுஷா! இதுக்குப் பேரு தெளிக்கிறதா?"

"கொஞ்சமாத் தெளிச்சாப் போகாதோன்னு..." என்று இழுத்தார்.

அந்த நிமிஷம் எனக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க முழங்கை தேய அழுத்தி எடுத்த சீட்டு! சீட்டை இழுத்து வாசலில் போட்டு, துணி சோப்பை எடுத்து வரட்டு வரட்டென்று தேய்த்தேன். மஞ்சள் பட்ட துணியில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோபம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறதே, என்ன செய்ய? சோப்பு பட்ட இடமெல்லாம் செக்கச்செவேலென்று ஆனது. சீட்டு முழுக்க, நுரை முழுக்க, என் கை முழங்கை வரைக்கும் சிவப்பு. ஆட்டுக்கறிக்கடை வாசல்கூட அவ்வளவு சிவப்பாக இருக்காது.

அந்த நேரம் பார்த்துத்தானா ஸ்டாண்டு ஆட்கள் இரண்டு பேர் இவரைத் தேடி வர வேண்டும்? பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவனுக்கு வாய் கோணியது.

"ரத்தம் திரும்பி வந்துருச்சுடா," என்றான்.

அவ்வளவுதான். பொழுது இறங்குவதற்குள் ஸ்டாண்டு, டீக்கடை, மண்டபம் என்று எங்கும் இதே பேச்சு. கழுவின சீட்டில் ரத்தம் தானாக ஊறி வருகிறதாம். மஞ்சள் தண்ணீர் ஊற்றியும் அடங்கவில்லையாம். அந்த மரத்தடியில் ஏதோ இருந்ததாம். அது வண்டியோடு வந்துவிட்டதாம். என் வீட்டுக்காரரே ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டு, "நெசமாவே மஞ்சள்தானா அது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறந்த அன்றிலிருந்து இந்த ஆண்கள் ஒரு துண்டையாவது தங்கள் கையால் துவைத்திருந்தால் இந்தப் பேய் பிறந்திருக்குமா?

மறுநாள் காலையில் சீட்டை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக் கார் ஸ்டாண்டுக்கே கொண்டுபோனேன். மஞ்சள்தூள், சோப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் கூடையில். வீட்டு வாசலில் போட்டால் நாலு பேர்தான் பார்ப்பார்கள். எனக்கு எல்லாரும் பார்க்க வேண்டும். எல்லார் நடுவிலும் சீட்டை வெயிலில் சாய்த்து நிறுத்திவிட்டு, "யாருப்பா ரத்தம்னு சொன்னது? வா இங்க," என்றேன். நேற்று வந்தவன் முன்னால் வந்தான். அவன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பிடுங்கி மஞ்சள்தூளைக் கரைத்துத் தடவினேன். சோப்பைத் தேய்த்தேன். துண்டு சிவந்தது.

"இந்தா, ஒந்துண்டுலயும் பிள்ள பொறந்துருச்சு. போய்த் தலமுழுகு," என்றேன்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சிவப்பு மறுபடியும் மஞ்சளானது. "ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் ஒம்பொண்டாட்டி மஞ்சக் குளிச்ச துணியத் தொவைக்கிறாளே, ஒருநாளாச்சும் பக்கத்துல நின்னு பாத்திருக்கியாலே?" என்று கேட்டேன். அவன் துண்டைப் பார்த்தானே தவிர என்னைப் பார்க்கவில்லை.

சீட்டுக்கும் அதையேதான் செய்தேன். எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து துடைத்துச் சிவப்பை மஞ்சளாக்கினேன். அந்த மஞ்சளை எடுக்க எதுவும் தேய்க்க வேண்டியதில்லை. மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது. எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஸ்டாண்டு நடுவிலேயே சீட்டைப் போட்டுவிட்டு ஒரு பெட்டிக்கடை நிழலில் உட்கார்ந்துகொண்டேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனான். அன்றைக்கும் மறுநாளும் அப்படியே கிடந்து, மஞ்சள் வெளுத்து வெளுத்து, கடைசியில் பழைய சந்தன நிறம் வந்தது. கதவையும் கூரையையும் வண்டியை வெயிலில் திறந்து போட்டே வெளுக்க வைத்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. பேய்ப் பேச்சும் அத்தோடு நின்றது.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கறை போனால் பேச்சும் போகும் என்று நம்பியிருக்கிறேன் பாருங்கள், எவ்வளவு பெரிய மடத்தனம்!

முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டிக்காரர் வீட்டம்மா வண்டியைப் பார்க்க வந்தார். மேனேஜரும் கூடவே வந்தார். வருவதற்கு முன்பே அவர் என் வீட்டுக்காரரிடம், சீட்டு மாற்றியாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கிறது, நானும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று பேசி வைத்திருந்தார். இவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரே ஒரு பொய். ஒன்ன ஒண்ணும் சொல்லச் சொல்லல. நீ சும்மா இரு, போதும்," என்றார். சரி என்றுதான் நானும் தலையாட்டினேன்.

அந்த அம்மா நல்ல மரியாதையானவர். கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்தார். மேனேஜர் முந்திக்கொண்டு, "புது சீட்டுங்கம்மா," என்றார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த வண்டியிலதானுங்களே ஏதோ காலனிப் பொண்ணுக்குப் பிரசவமாச்சுன்னாங்க? அந்தச் சீட்டைத் தூக்கி எறிஞ்சுட்டீங்கதானுங்களே?"

நான் சும்மா இருந்திருக்கலாம். செத்த நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் 'தூக்கி எறிஞ்சுட்டீங்கதானே' என்று அவர் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. குப்பையைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

"இல்லம்மா. அதே சீட்டுத்தான். இதுலதான் பொறந்துச்சு, பொம்பளப் பிள்ள. நாந்தான் கழுவுனேன். நீங்க தடவுன எடம் இருக்கே, அதே எடம்தான்," என்றேன்.

அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டார். ஒன்றும் கோபமாகப் பேசவில்லை. "சரிங்க, வாரனுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கல்யாணத்துக்கு ரெக்சின் சீட்டுக் கார் ஒன்று போனது. அப்புறம் அந்த மண்டபத்திலிருந்து எங்களுக்கு அழைப்பே வரவில்லை. வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தார். கோயில் கல்யாணமோ சர்ச் கல்யாணமோ, பேசி முடிக்கிற நேரத்தில் யாராவது ஒருத்தர் அதே கேள்வியைக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பேசாமல் இருக்கிற மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது? வெஞ்சனம் இல்லாமல் வெறும் ரசச் சோறு போட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். ராத்திரி படுத்துக்கொண்டு, நான் வாயை அடக்கியிருக்க வேண்டுமோ என்று எனக்கே தோன்றும். விடிந்ததும் மாட்டேன் என்று தோன்றும். இப்படியே ஆடி வந்தது.

ஆடியில் ஒருநாள் காலையில் வாசலில் யாரோ நிற்பது தெரிந்து எட்டிப் பார்த்தேன். சின்னப் பெண் ஒருத்தி, கையில் துணி சுற்றிய குழந்தை. பின்னால் ஒரு வயசான அம்மா. அந்த அம்மாவின் கையில் வயர்கூடை. என் வீட்டுக்காரர் வாசல் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், அவர்களைப் பார்த்ததும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே எழுந்து நின்றுவிட்டார்.

"இந்த அய்யாதான்," என்று அந்த அம்மா மகளுக்குக் காட்டினாள்.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவளுடைய அம்மாதான் பேச ஆரம்பித்தாள். "எங்களால ஒங்க வண்டி கெட்டுப்போச்சாம்ல தாயி. பஸ்ஸுல பேசிக்கிட்டாக. கல்யாணத்துக்கு ஒருத்தரும் கூப்புடுறதில்லையாம்." கூடையிலிருந்து ஒரு பார் சோப்பையும், தேங்காய் நாரையும், புதிதாக வாங்கிய பிரஷ் ஒன்றையும் எடுத்துத் தரையில் வைத்தாள். "பிள்ள பெத்தவ மாசம் கழிச்சுத்தான் வெளிய வரலாம்னு இம்புட்டு நாளா வரல. வண்டியக் காட்டுங்க தாயி. நாங்களே தொவைச்சுக் குடுத்துட்டுப் போயிறோம்."

ஊரெல்லாம் வாயாடி என்று பேரெடுத்தவள் நான். அந்தச் சோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நாளும் நான் மேனேஜரோடு சண்டை போட்டேன், மண்டிக்காரம்மாவோடு போட்டேன், புருஷனோடு போட்டேன். அந்தப் பேச்சு பஸ் ஏறி இந்தப் பெண் காதுக்குப் போயிருக்கும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நாம்தான் அசிங்கம் பண்ணிவிட்டோம் என்று இவள் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கிறாள். அதை நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தொவைக்க ஒண்ணும் இல்லத்தா. வந்து பாரு," என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கார் கதவைத் திறந்து காட்டினேன். அவள் கூர்ந்து கூர்ந்து பார்த்தாள். "எங்கனக்கா கறை?" என்றாள். இல்லை என்றேன். நம்பாமல் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

என் வீட்டுக்காரர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சாவியை எடுத்தார். "ஏறுங்க. வீட்ல கொண்டுபோய் விடுறேன்," என்றார். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்று அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். கேட்கவில்லை. அந்தப் பெண் ஏறுவதற்கு முன் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பின்சீட்டில் விரித்தாள். ஓரம் மடங்காமல் நீவிவிட்டு, அதன்மேல் உட்காரப் போனாள். நான் அந்தத் துண்டை உருவி எடுத்துக் கூடைக்குள் திணித்தேன்.

"அந்தச் சீட்டுலயே உக்காரு," என்றேன். என் குரல் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்திருக்கும். உட்கார்ந்தாள், ஓரமாக. நானும் பக்கத்தில் ஏறிக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஊர் எல்லை வந்ததும் அவளுடைய அம்மா, "இங்கனயே நிறுத்துங்கய்யா, நாங்க நடந்து போயிருவோம்," என்று அவசரப்பட்டாள். காலனிக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டுகிற மாதிரி மெதுவாக, ஹாரன் அடித்துக்கொண்டே தெரு வழியாக ஓட்டினார். பார்த்தவர்கள் பார்த்தார்கள். காலனியில் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்கிச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்துவிட்டார். கல்யாணப் பெண் தவிர யாருக்கும் அவர் இறங்கிவந்து கதவு திறந்து நான் பார்த்ததில்லை. எனக்குக்கூடத் திறந்ததில்லை.

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கியபோதுதான் தெரிந்தது. வழியில் நான் குழந்தையைச் சீட்டில் கிடத்தியிருந்தேன். அந்த இடத்தில் ஈரம். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. முந்தானையை எடுத்துக்கொண்டு துடைக்கப் பாய்ந்தாள். என் வீட்டுக்காரர்தான் மறித்து, "விடும்மா, காஞ்சிரும்," என்றார்.

திரும்பும்போது நேராக வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். வண்டியைக் கார் ஸ்டாண்டுக்குள் விட்டார். நல்ல வெயில். நாலு கதவையும் அகலமாகத் திறந்து போட்டுவிட்டு இறங்கி நின்றார். அந்த மண்டபத்து மேனேஜர் வேறு யாருக்கோ சவாரி பேசிக்கொண்டு அங்கே நின்றிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, சீட்டு ஈரமாக் கெடக்கு?" என்று கேட்டார்.

"பிள்ள ஒண்ணுக்குப் போயிருச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

"யாரு பிள்ள?"

ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொய் சொல்லத் தெரியாத அந்த மனுஷர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்க கார்ல பொறந்த பிள்ள."